சி-ஆர்ம் அருகே நிற்பவர்களுக்குக் கதிர்வீச்சைக் கற்பிப்பது எப்படி?

மருத்துவமனையில் கதிர்வீச்சு என்றதும் எல்லோருக்கும் எக்ஸ்-ரே அறைதான் நினைவுக்கு வரும். மஞ்சள் பலகை, சிவப்பு விளக்கு, ஈயத்தகடு அடித்த கதவு. ஆனால் அந்த அறையில் வேலை செய்யும் ரேடியோகிராஃபர் மேல் விழும் கதிர் மிகக் குறைவு. தடுப்புக்குப் பின்னால் நின்று பொத்தானை அழுத்துகிறார். அதற்கென்றே படித்துவிட்டும் வந்திருக்கிறார். கதிர் விழும் இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி நிற்பவர்கள் வேறு ஆட்கள்: ஆர்த்தோ சர்ஜன், எதிரே நின்று உதவும் பி.ஜி. மாணவர், ஸ்க்ரப் சிஸ்டர், தலைமாட்டில் மயக்க மருத்துவர், காலைத் தூக்கிப் பிடிக்கும் தியேட்டர் உதவியாளர். இவர்கள் நடுவில்தான், அறுவை நடக்கும்போதே உடம்பின் உள்ளே திரையில் காட்டும் எக்ஸ்-ரே கருவியான சி-ஆர்ம் நிற்கிறது. பல தியேட்டர்களில் இன்னும் ஐ.ஐ.டி.வி. என்றுதான் அதைச் சொல்கிறார்கள். தொடை எலும்பில் ஆணி அடிக்க, முதுகெலும்பில் ஸ்க்ரூ போட, சிறுநீரகக் கல்லைத் துளையிட்டு எடுக்க, எண்டோஸ்கோப் விட்டுப் பித்தக்குழாயைப் பார்க்கும் ஈ.ஆர்.சி.பி. செய்ய என்று எல்லாவற்றுக்கும் அது வேண்டும். கதிரை வரவைக்கும் பெடலை மிதிப்பவரோ கதிர்வீச்சை எம்.பி.பி.எஸ்.-இல் சில பக்கங்களுக்கு மேல் படித்திருக்க மாட்டார்.

ஆகவே மருத்துவப் பணியாளர்களுக்கான கதிர்வீச்சுப் பயிற்சியை ஒரு மருத்துவமனை இன்று தொடங்குவதானால் தியேட்டரில்தான் தொடங்க வேண்டும். அதையும் பவர்பாயிண்ட் போட்டுச் சொல்லாமல், கருவியைச் சுற்றி எல்லோரையும் நிறுத்தி அளந்து காட்ட வேண்டும்.

இந்தக் குறை நம் ஊரில் மட்டும் இல்லை. 2003-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. பிரிட்டனில் 130 மருத்துவர்களிடம் சாதாரணப் பரிசோதனைகளில் நோயாளிக்குக் கிடைக்கும் கதிர் அளவைக் கேட்டார்கள். சொன்ன பதில்களில் 97 விழுக்காடு உண்மையான அளவைவிடக் குறைவு. அல்ட்ராசவுண்டில் அயனியாக்கும் கதிர் இல்லை என்பது 5 விழுக்காட்டினருக்குத் தெரியவில்லை, எம்.ஆர்.ஐ.-யில் இல்லை என்பது 8 விழுக்காட்டினருக்குத் தெரியவில்லை. 2012 டிசம்பரில் சர்வதேச அணுசக்தி முகமையும் உலக சுகாதார நிறுவனமும் ஜெர்மனியின் பான் நகரில் கூடி, மருத்துவக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்காகப் பத்து நடவடிக்கைகளை அறிவித்தன. அவற்றில் நான்காவது, மருத்துவப் பணியாளர்களின் கல்வியையும் பயிற்சியையும் வலுப்படுத்துவது. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. தியேட்டர் கதவுக்குள் வந்து சேர்வதுதான் பாக்கி.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம்

தமிழில் பயிற்சி நடத்துபவர்கள் முதல் ஐந்து நிமிடத்தை இதற்கு ஒதுக்கலாம். கதிர்வீச்சு வேறு, கதிரியக்கம் வேறு. செய்தித்தாள்களே இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுவதால், எக்ஸ்-ரே எடுத்த அறையில் கதிர் தங்கியிருக்கும், மேசையில் படிந்திருக்கும், நோயாளியின் உடம்பிலிருந்து வெளியே வரும் என்றெல்லாம் பலர் நம்புகிறார்கள். கதிரை உண்டாக்கும் சி-ஆர்ம் டியூபுக்குள் கதிரியக்கப் பொருள் எதுவும் கிடையாது. பெடலிலிருந்து காலை எடுத்த நொடியே கதிர் நின்றுவிடும். டியூப் லைட்டை அணைத்ததும் வெளிச்சம் போவது போல. தைராய்டு புற்றுநோய்க்கு ஐயோடின்-131 குடித்த நோயாளியின் நிலை வேறு. அவர் உடம்பிலும் சிறுநீரிலும் கதிரியக்கப் பொருளே இருக்கிறது. எட்டு நாளுக்கு ஒருமுறை அது பாதியாகும். அங்கே கதிரியக்கம் என்பதுதான் சரியான சொல், விதிகளும் வேறு.

இது தெளியாவிட்டால் பயம் இடம் மாறிப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஐ.சி.யூ.-வில் போர்ட்டபிள் எக்ஸ்-ரே வண்டி வந்தாலே வார்டை விட்டு ஓடும் அளவுக்குப் பயம் இருக்கும். அங்கே ஒரே ஒரு ஷாட்தான். இரண்டு மீட்டர் தள்ளி நின்றாலே போதும். அதே ஆட்கள் தியேட்டரில் கழுத்தில் கட்டும் ஈயத் தைராய்டு காலர்கூடப் போடாமல் மேசையை ஒட்டி ஒரு மணி நேரம் நிற்பார்கள்.

கதிர் நோயாளியிடமிருந்து வருகிறது

சி-ஆர்ம் பற்றித் தெரிய வேண்டிய ஒரே ஒரு உண்மையைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: உங்கள் மேல் விழுவது டியூபிலிருந்து நேராக வரும் கதிர் அன்று, நோயாளியின் உடம்பில் பட்டுச் சிதறிய கதிர். டியூபிலிருந்து வரும் கற்றையில் மிகச் சிறு பங்குதான் உடம்பைக் கடந்து டிடெக்டருக்குப் போய்ப் படமாகிறது. மற்றதெல்லாம் உடம்புக்குள்ளேயே அடங்கிவிடும், அல்லது நாலா பக்கமும் சிதறும். கற்றை உடம்புக்குள் நுழையும் பக்கத்தில்தான் அது மிக வலுவாக இருக்கிறது. ஆகவே சிதறலும் அந்தப் பக்கம்தான் அதிகம். டியூபைக் கீழே வை, பக்கவாட்டுப் படத்தில் டிடெக்டர் பக்கம் நில் என்று சொல்லும் எல்லா விதிகளும் இதிலிருந்தே பிறக்கின்றன. காரணம் புரிந்தவர் விதியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

கொஞ்சம் கணக்கும் வேண்டும். நோயாளியின் தோலில் விழும் அளவில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு, ஒரு மீட்டர் தள்ளி நிற்பவருக்குச் சிதறலாக வரும். தோலில் நிமிடத்துக்கு 20 மில்லிகிரே விழுவதாக வைத்துக்கொள்ளுங்கள் (உடம்பு வாங்கும் கதிருக்கு அலகு கிரே, அதனால் வரக்கூடிய தீங்கைக் கணக்கிட சீவர்ட்). இடுப்பு, முதுகு போன்ற பருத்த இடங்களில் இது சாதாரணம். ஒரு மீட்டரில் நிமிடத்துக்கு 20 மைக்ரோகிரே. எக்ஸ்-கதிரைப் பொறுத்தவரை அதை 20 மைக்ரோசீவர்ட் என்றே எடுத்துக்கொள்ளலாம். ஓர் அறுவைக்கு இரண்டு நிமிடம் ஃப்ளூரோ, அதாவது பெடலை மிதித்துப் படம் ஓடவிடும் நேரம், என்றால் 40 மைக்ரோசீவர்ட். வருடத்துக்கு 300 அறுவைகள் என்றால் 12 மில்லிசீவர்ட். இப்போது அவரையே அரை மீட்டரில் நிறுத்துங்கள். தூரம் பாதியானால் அளவு நான்கு மடங்கு, 48 மில்லிசீவர்ட். இது ஏப்ரனுக்கு வெளியே உள்ள அளவு. 0.5 மி.மீ. ஈயத்துக்குச் சமமான ஏப்ரன் இதில் 95 விழுக்காட்டுக்கு மேல் தடுத்துவிடும். ஆனால் கண்ணுக்கும் கைக்கும் ஏப்ரன் கிடையாது.

இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், அதாவது ஏ.இ.ஆர்.பி., கதிர்ப் பணியாளருக்கு வைத்திருக்கும் வரம்பு, ஐந்து ஆண்டுச் சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக்கூடாது. இது முழு உடலுக்கு. கண் வில்லையைப் பற்றி 2011-இல் சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையமான ஐ.சி.ஆர்.பி. தன் பழைய கருத்தை மாற்றிக்கொண்டது. அரை கிரே அளவிலேயே கண்புரை வரலாம் என்று சொல்லி, வருடத்துக்கு 150 மில்லிசீவர்ட் என்றிருந்த பரிந்துரையைச் சராசரி 20-ஆகக் குறைத்தது. மேலே சொன்ன 48-ஐ இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கண் இடுப்பைவிடத் தள்ளி இருப்பதாலும், டியூப் கீழே இருந்தால் சிதறல் தரைப் பக்கமே போவதாலும் கண்ணுக்கு அவ்வளவு வராது. டியூபை மேலே திருப்பி வைத்து வேலை செய்பவருக்கு அந்தச் சலுகையும் இல்லை.

தண்ணீர் டப் பயிற்சி

இதுவரை சொன்னதை வகுப்பில் சொன்னால் தலையாட்டுவார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். கண்ணால் பார்த்தால் மறக்காது. அதற்கு ஆகும் செலவு ஒரு பிளாஸ்டிக் டப்.

சுமார் 30 சென்டிமீட்டர் நீள அகலமுள்ள டப்பை எடுத்து 20 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் 18 லிட்டர் பிடிக்கும். கதிரைச் சிதறடிப்பதில் நடுத்தர உடல்வாகுள்ள ஒருவரின் வயிறும் இந்தத் தண்ணீரும் ஏறக்குறைய ஒன்றே. மேசை மேல் முதலில் பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் காலி டப், பிறகு மக்கில் மொண்டு தண்ணீர். நிரப்பிய டப்பைத் தூக்கிக்கொண்டு வந்தால் மேசையின் மின்சார மோட்டாருக்குள் தண்ணீர் போகும்.

அளக்கக் கருவி வேண்டும். இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. கைக்குக் கிடைத்த கைகர் வகை சர்வே மீட்டரைக் கொண்டுவந்து வைப்பார்கள். இன்றைய சி-ஆர்ம் கதிரைத் துடிப்பு துடிப்பாக வெளியிடுகிறது. கைகர் கருவி அந்தத் துடிப்புகளை எண்ண முடியாமல் திணறி, இருப்பதைவிடக் குறைவாகக் காட்டிவிடும். பயிற்சிக்கு வந்தவர்கள் “இவ்வளவுதானா” என்று நிம்மதியாகத் திரும்புவார்கள், அதுதான் கெடுதல். அயன் சேம்பர் வகை மீட்டர் வேண்டும். அளவுத்திருத்தச் சான்றிதழ் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். கதிர்சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையில் மெடிக்கல் ஃபிசிசிஸ்ட்டிடம் இது இருக்கும். இல்லாத ஊரில், சி-ஆர்ம் கருவிக்குத் தரப் பரிசோதனை செய்ய வரும் ஏஜென்சிக்காரர் எப்படியும் ஒன்றைக் கொண்டு வருவார். அன்றைக்கு அரை மணி நேரம் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு யாரும் நிற்கக் கூடாது. ஒரு சலைன் ஸ்டாண்டில் கட்டிவிட்டு, அதன் முகப்பைப் பார்க்கும்படி செல்போன் கேமராவை வைத்து, எல்லோரும் தடுப்புக்குப் பின்னால் நின்று வீடியோவில் பார்க்கலாம். ஒவ்வொரு அளவுக்கும் ஐந்து முதல் பத்து நொடி பெடலை மிதிக்க வேண்டும், மீட்டரின் முள் நிலைக்க அவ்வளவு நேரம் ஆகும்.

டியூபைக் கீழே வைத்துத் தொடங்குங்கள். டப்பின் நடுவிலிருந்து அரை மீட்டர், ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் என்று தரையில் பிளாஸ்டர் ஒட்டி, ஒவ்வொன்றிலும் முழங்கால் உயரம், இடுப்பு உயரம், கண் உயரம் மூன்றையும் அளக்கவும். ஒன்பது எண்களையும் வெள்ளைப் பலகையில் ஒரு மாணவரே எழுதட்டும். பிறகு சி-ஆர்மைத் தலைகீழாகத் திருப்பி, டியூபை மேலே கொண்டுவந்து அதே ஒன்பது. கண் உயரத்து எண் பல மடங்கு ஏறியிருப்பதை எல்லோரும் ஒரே நேரத்தில் பார்ப்பார்கள். கைக்கு இடம் கிடைக்கிறது, டிரில் இடிக்கவில்லை என்று டியூபை மேலே வைத்து வேலை செய்யும் பழக்கம் உள்ளவர்களுக்கு இதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியிருக்காது. அடுத்து டியூபைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, டியூப் பக்கம் ஒரு மீட்டர், டிடெக்டர் பக்கம் ஒரு மீட்டர். இடுப்பு எலும்பு முறிவுக்குப் பக்கவாட்டுப் படம் எடுக்கும்போது எந்தப் பக்கம் நிற்பது என்ற கேள்விக்கு இதுவே பதில்.

பிறகு கருவியின் பொத்தான்களுக்கு வாருங்கள். மீட்டரை ஒரு மீட்டரில், இடுப்பு உயரத்தில் அப்படியே விட்டுவிட்டு, ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றவும். கற்றையின் அகலத்தைக் குறுக்கும் கொலிமேட்டரைப் பாதி மூடினால் சிதறல் இறங்கும், படமும் தெளிவாகும். துடிப்பு எண்ணிக்கையை நொடிக்கு 30-இலிருந்து 15-க்கோ 8-க்கோ குறைத்தால் இறங்கும். ஆணி போகும் பாதையைப் பார்க்க 8 தாராளம். மேக்னிஃபிகேஷன் போட்டால் என்ன ஆகிறது என்பதைச் சிதறலை மட்டும் வைத்து முடிவு செய்துவிடக் கூடாது. திரையில் வரும் டோஸ் எண்ணையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். படத்தின் பரப்பு சுருங்குவதால் சிதறல் அவ்வளவாக ஏறாமல் போகலாம், ஆனால் நோயாளியின் தோலில் விழுவது ஏறும். தோலுக்கும் டியூபுக்கும் உள்ள தூரமும் அப்படித்தான்: 60 சென்டிமீட்டரில் இருந்த தோல் 40-க்கு வந்தால் தோலின் அளவு இரண்டே கால் மடங்கு. டிடெக்டரை நோயாளியை ஒட்டியும், டியூபை முடிந்த அளவு தள்ளியும் வைக்க வேண்டும் என்பது இதனால்தான்.

கடைசியாக ஈயக் கையுறை. பலர் இதை நம்பிக் கையைக் கற்றைக்குள் விடுகிறார்கள். டப் மேல் ஒரு ஈயக் கையுறையைக் கற்றைக்குள் வைத்து பெடலை மிதித்து, திரையில் கதிரின் வீரியத்தையும் அளவையும் தீர்மானிக்கும் கேவி, எம்.ஏ. எண்களைப் பார்க்கச் சொல்லுங்கள். படம் இருண்டுவிட்டது என்று நினைத்து, தானியங்கி வெளிச்சக் கட்டுப்பாடு இரண்டையும் ஏற்றும். கை மிச்சப்படவில்லை, நோயாளிக்கும் சுற்றி நிற்பவர்களுக்கும் கூடுதலாகக் கிடைத்தது. கற்றைக்குள் கை போகவே கூடாது. எலும்பைப் பிடிக்க வேண்டுமானால் நீண்ட பிடியுள்ள கருவி, காலைப் பிடிக்க வேண்டுமானால் டிராக்ஷன் மேசையோ மணல் பையோ. காலைக் கையால் பிடிக்கும் தியேட்டர் உதவியாளர் அந்த அறையிலேயே மிக மோசமான இடத்தில் நிற்கிறார். அவருக்கு அதை யாரும் சொல்லியும் இருக்க மாட்டார்கள். பயிற்சிக்கு அவரைக் கூப்பிடாமல் விடுவது பெரிய பிழை.

மொத்தம் ஒரு மணி நேரம். முதல் கேஸுக்கு முன்னால், காலை ஏழு மணிக்கு வைத்தால் சர்ஜன்கள் வருவார்கள். மதியம் வைத்தால் லிஸ்ட் முடியவில்லை என்று ஒருவரும் வர மாட்டார்கள்.

ஏப்ரன், பேட்ஜ்

ஏப்ரனை மடிக்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் நாற்காலி முதுகில்தான் கிடக்கும். மடிப்பில் உள்ளே விரிசல் விடும், வெளித்துணி நன்றாகவே இருக்கும். தடித்த உருளைக் கம்பியுள்ள ஹேங்கர் வாங்கிச் சுவரில் அடித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். வருடத்துக்கு ஒருமுறையாவது சோதிக்க வேண்டும். முதலில் கையால் தடவிப் பார்த்து, கட்டியாகவோ மெலிந்தோ தெரியும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அந்த இடங்களை மட்டும் கதிரில் பாருங்கள். கருவியைத் தானியங்கி (ஆட்டோ) முறையில் போட்டால் ஈயத்தைத் துளைக்கக் கருவி உச்சத்துக்கு ஏறிவிடும்; மேனுவலில் குறைந்த கேவி வைக்க வேண்டும். எண் போட்டு, தேதி எழுதி, பதிவேட்டில் வைக்க வேண்டும். துடைக்க மிதமான சோப்புத் தண்ணீர் போதும். ப்ளீச்சும் ஆட்டோகிளேவும் ஆகாது.

எத்தனை ஏப்ரன் இருக்கிறது என்பதும் பயிற்சியில் சேர்ந்ததுதான். எட்டுப் பேர் நிற்கும் தியேட்டரில் ஐந்து ஏப்ரன் இருந்தால் எவ்வளவு கற்றுக்கொடுத்தும் பயனில்லை. ஸ்டெரைல் கவுனுக்கு உள்ளேதான் ஏப்ரன் போட வேண்டும் என்பதால் கையைக் கழுவிய பிறகு நினைவு வந்து புண்ணியமில்லை. மயக்க மருத்துவர்கள் மானிட்டர் பக்கம் திரும்பி, சி-ஆர்முக்கு முதுகு காட்டியே அதிக நேரம் நிற்பவர்கள். முன்பக்கம் மட்டும் மூடும் ஏப்ரன் அவர்களுக்கு உதவாது, சுற்றிக் கட்டும் வகை வேண்டும்.

ஒருவர் வாங்கும் கதிர் அளவைப் பதிவு செய்ய உடம்பில் அணியும் டி.எல்.டி. பேட்ஜ் பற்றிய தவறுகள் தனிப் பதிவுக்கே போதும். இந்தியாவில் தரப்படும் பேட்ஜின் உள்ளே டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்ஃபேட் தகடுகள் மூன்று இருக்கும். கதிரின் ஆற்றலைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஆய்வகத்தில் சூடாக்கும்போது ஒளியாக வெளியிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள். மார்பு உயரத்தில், ஏப்ரனுக்கு உள்ளே போட வேண்டும். வெளியே குத்திக்கொண்டால் உடம்புக்குப் போகாத கதிரெல்லாம் கணக்கில் ஏறி விசாரணைக் கடிதம் வரும். ஏப்ரன் பையிலேயே விட்டுவிட்டுப் போனால், நீங்கள் விடுப்பில் இருக்கும்போதும் உங்கள் பேட்ஜ் வேலை பார்க்கும். மேசை டிராயரில் வைத்தால் பூஜ்யம் வரும். அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து நிம்மதி அடைவதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. இன்னொன்று பலருக்குத் தெரியாது: கூடவே வரும் கன்ட்ரோல் பேட்ஜைக் கதிர் இல்லாத இடத்தில் வைக்க வேண்டும். அதன் அளவை மற்ற பேட்ஜ்களிலிருந்து கழிப்பார்கள். எக்ஸ்-ரே அறை அலமாரியிலேயே அதை வைத்துவிட்டால் அந்த மருத்துவமனையில் எல்லோருடைய அளவும் பொய்யாகக் குறைந்துவிடும்.

கர்ப்பிணிக்கு எக்ஸ்-ரே எடுத்துவிட்டோமே!

அறியாமையால் கண்ணெதிரே தீங்கு நடப்பது இங்கேதான். கர்ப்பம் என்று தெரியாமல் எக்ஸ்-ரே எடுத்துவிட்டார்கள். பின்னர் தெரிந்ததும் யாரோ ஒரு மருத்துவர் “கலைத்துவிடுவது நல்லது” என்று சொல்லிவிடுகிறார். அந்த வார்த்தைக்குப் பின்னால் எந்தக் கணக்கும் இருப்பதில்லை.

கணக்கு இது. மார்பு எக்ஸ்-ரேயில் கருவுக்குப் போவது 0.01 மில்லிகிரேக்கும் குறைவு. வயிற்று எக்ஸ்-ரேயில் சராசரி 1.4, மிஞ்சிப் போனால் 4 சொச்சம். இடுப்புப் பகுதி சி.டி.-யில் சராசரி 25, அதிகபட்சம் 80-ஐ ஒட்டி. கருவுக்கு 100 மில்லிகிரேக்குக் கீழே போயிருந்தால், கதிரைக் காரணம் காட்டிக் கருவைக் கலைக்க வேண்டியதில்லை என்பது ஐ.சி.ஆர்.பி. வெளிப்படையாகச் சொல்லியிருப்பது. எந்த எக்ஸ்-ரேயும் எடுக்காத கர்ப்பத்திலும் நூற்றில் ஏறத்தாழ மூன்று குழந்தைகளுக்குப் பிறவிக் குறை வருகிறது என்பதையும் சேர்த்தே தாயிடம் விளக்க வேண்டும்.

பயிற்சியில் இதை ஒரு நாடகமாகவே நடத்திப் பார்க்கலாம். ஒரு மாணவர் கணவனாக வந்து, “டாக்டர், என் வீட்டுக்காரம்மாவுக்கு ரெண்டு மாசம்னு இப்பத்தான் தெரிஞ்சுது. போன வாரம் இங்கதான் இடுப்பு எக்ஸ்-ரே எடுத்தீங்க” என்று கேட்கட்டும். பதில் சொல்பவர் முதலில் செய்ய வேண்டியது, எந்தத் தீர்ப்பும் சொல்லாமல் இருப்பது. பிறகு தகவல் திரட்டுவது: என்ன பரிசோதனை, எத்தனை ஷாட், கேவி, எம்.ஏ.எஸ்., உடல் பருமன், அன்றைக்கு எத்தனை வாரக் கரு. அதை மெடிக்கல் ஃபிசிசிஸ்ட்டிடமோ கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரிடமோ கொடுத்துக் கணக்கை எழுத்தில் வாங்கி, அதன் பிறகு கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்துப் பேசுவது. கடைசி மாதவிலக்குத் தேதியை எக்ஸ்-ரேக்கு முன்பே கேட்டு எழுதிக்கொண்டால் இந்தப் பேச்சே வராது. அதைக் கேட்கக் கூச்சப்படும் ஆண் ரேடியோகிராஃபருக்கு, எப்படிக் கேட்பது என்று வாக்கியத்தையே சொல்லிக்கொடுக்க வேண்டும்: “அம்மா, எக்ஸ்-ரேக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் கேட்கிறதுதான். கடைசியா எப்பம்மா தலைக்குக் குளிச்சீங்க? நாள் தள்ளிப் போயிருக்கா?”

பணியாளரே கர்ப்பமானால் சீக்கிரம் சொல்லிவிட வேண்டும். அதன்பின் கருவுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகாதபடி வேலையை மாற்றி அமைக்க வேண்டும் என்பது ஐ.சி.ஆர்.பி. பரிந்துரை. சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம் தற்காலிக ஊழியர்களிடம் உண்டு. அந்தப் பயத்தை நிர்வாகம்தான் போக்க வேண்டும், பயிற்சியாளரால் முடியாது.

திரையில் ஓடும் எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும்

2009-இல் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் சீடர்ஸ்-சைனாய் மருத்துவமனையில் வெளிவந்த சம்பவத்தைப் பயிற்சியில் கட்டாயம் சொல்ல வேண்டும். பக்கவாத நோயாளிகளுக்கு மூளை ரத்த ஓட்டம் பார்க்கும் சி.டி. பரிசோதனையில், வழக்கமான அளவைப் போல் எட்டு மடங்கு கதிர் போய்க்கொண்டிருந்தது. 206 நோயாளிகள், பதினெட்டு மாதங்கள். அரை கிரே போக வேண்டிய இடத்தில் மூன்று, நான்கு கிரே. தலைமுடி உதிர்ந்த பிறகுதான் தெரியவந்தது. மூன்று கிரேயில் தற்காலிகமாக முடி கொட்டும் என்பது பாடப்புத்தகத்தில் உள்ள எண். கருவியின் அமைப்பை மாற்றியபோது நேர்ந்த பிழை அது. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் டோஸ் எண் திரையில் வந்துகொண்டுதான் இருக்கும். அந்த எண் எவ்வளவு இருக்க வேண்டும் என்று மனதில் ஒரு அளவு இருந்தவர் ஒருவர் பார்த்திருந்தால் முதல் வாரத்திலேயே நின்றிருக்கும்.

சி-ஆர்மிலும் இதே நிலைதான். மொத்த ஃப்ளூரோ நேரம், புதிய கருவிகளில் நோயாளிக்குப் போன கதிர் அளவைச் சொல்லும் கெர்மா எண், எல்லாம் காட்டும். ஐந்து நிமிடம் ஆனதும் மணி அடிக்கும். மணி அடித்தால் கை தானாகப் போய் அணைத்துவிடும். அணைப்பவர் “சார், அஞ்சு நிமிஷம் ஆச்சு” என்று உரக்கச் சொல்ல வேண்டும் என்பதை ஒரு வழக்கமாகவே ஆக்கிவிடலாம். எண்களைப் புத்தகத்தில் எழுத வேண்டும்: அறுவையின் பெயர், யார் பெடல் மிதித்தது, எத்தனை நிமிடம், எவ்வளவு டோஸ். மாதம் ஒருமுறை ஒரே வகை அறுவைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒருவருக்கு ஒரு நிமிடம் ஆவது மற்றொருவருக்கு நாலு நிமிடம் ஆவது தெரியும். பெரும்பாலும் படத்தைப் பிடித்து வைக்கும் வசதியைப் பயன்படுத்தாமல், திரையைப் பார்த்துக்கொண்டே காலை பெடலில் வைத்திருப்பதுதான் காரணம். இதய ரத்தக்குழாய் சிகிச்சை நடக்கும் கேத் லேபில் இது இன்னும் முக்கியம். அங்கே 5 கிரேயைத் தாண்டினால் நோயாளியின் முதுகுத் தோலைச் சில வாரங்கள் கவனிக்கச் சொல்லி அனுப்ப வேண்டும். சிவப்பு வர பத்து நாள் ஆகலாம். அதற்குள் அவர் வீட்டுக்குப் போய், தோல் டாக்டரிடம் படை என்று காட்டி மருந்து வாங்கிக்கொண்டிருப்பார்.

மொழியும் இதில் ஒரு காரணம். பிரான்ஸில் எபினால் என்ற ஊரின் மருத்துவமனையில் 2004 மே முதல் 2005 ஆகஸ்ட் வரை ப்ராஸ்டேட் புற்றுநோய்க்குக் கதிர்சிகிச்சை பெற்ற 23 பேருக்கு 20 முதல் 35 விழுக்காடு கூடுதல் டோஸ் போய்விட்டது. திட்டமிடும் மென்பொருளில் ஒரு தேர்வு மாறிப்போனது. அதை இயக்கியவர்களுக்கு உரிய பயிற்சி தரப்படவில்லை, அவர்கள் மொழியான பிரெஞ்சில் வழிகாட்டிக் கையேடும் இல்லை. பிரான்ஸிலேயே அப்படி என்றால், சி-ஆர்ம் மெனு முழுக்க ஆங்கிலத்தில் இருக்கும் நம் தியேட்டர்களில் என்ன செய்கிறோம்? பத்தாவது படித்துவிட்டு வந்த உதவியாளர்தான் பல இடங்களில் கருவியை உருட்டி வந்து பிளக் மாட்டி, “சார், ரெடி” என்கிறார். எந்தப் பொத்தான் எதற்கு என்று கருவியின் உடம்பிலேயே தமிழில் ஒட்ட வேண்டும். துடிப்பு 8, டியூப் கீழே, டிடெக்டர் ஒட்டி, காலர் போட்டாச்சா: நாலே வரி, பெரிய எழுத்தில், லேமினேட் செய்து.

பயிற்சி பலித்ததா என்று பார்க்கும் முறை

எழுத்துத் தேர்வு மட்டும் வைத்தால் எல்லோரும் தேறிவிடுவார்கள். பத்துக் கேள்விகளை முன்பும் பின்பும் கேளுங்கள், தவறில்லை. கூடவே ஒரு செய்முறையும் வேண்டும். டப்பை மேசையில் வைத்து, “இடுப்புக்குப் பக்கவாட்டுப் படம் எடுங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாருங்கள். டியூபை எந்தப் பக்கம் கொண்டுபோகிறார், கொலிமேட்டரைத் தொடுகிறாரா, பெடலை மிதிக்குமுன் அறையில் இருப்பவர்களுக்குக் குரல் கொடுக்கிறாரா, எல்லோருக்கும் காலர் இருக்கிறதா என்று பார்க்கிறாரா. மூன்று மாதம் கழித்து, சொல்லாமல், உண்மையான ஒரு கேஸில் இதையே கவனிக்க வேண்டும். பாதிப் பேர் பழைய இடத்துக்கே திரும்பியிருப்பார்கள். அவர்களைக் குறை சொல்லாமல் மறுபடி டப் முன் நிறுத்தினால் போதும்.

ஒரு தியேட்டருக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். சர்ஜனைவிட சிஸ்டர் இதற்குப் பொருத்தம் என்பது என் எண்ணம். மருத்துவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், அவர் ஒவ்வொரு கேஸிலும் இருக்கிறார், ஏப்ரன் எண்ணிக்கை அவருக்குத்தான் தெரியும். “காலர் போடாம ஷாட் கிடையாது, சார்” என்று அவர் சொல்லும்போது தலைமை சர்ஜன் ஒருமுறை கேட்டு நடந்துவிட்டால், மற்றவர்கள் தாமாகவே நடப்பார்கள். ஆகவே முதல் பயிற்சிக்குத் தலைமை சர்ஜனைக் கட்டாயம் வரவைத்து, டியூபை மேலே திருப்பும்போது மீட்டரைப் படித்துச் சொல்லும் வேலையை அவரிடமே கொடுங்கள்.

ஒவ்வொரு வருடமும் புதிய பி.ஜி. மாணவர்கள் சேரும் மாதத்தில் இதைத் திரும்ப நடத்த வேண்டும். புதிய கருவி வாங்கினால், கம்பெனிக்காரர் டெமோ காட்டும் அன்றைக்கே டப்பையும் மீட்டரையும் தயாராக வையுங்கள். எந்த மோடில் எவ்வளவு சிதறுகிறது என்று அவர் முன்னாலேயே அளந்து, அந்த எண்களைத் தமிழ் ஒட்டியில் சேர்த்து எழுதிவிட்டு, தொழிற்சாலையிலிருந்து 30 துடிப்பில் வந்திருந்தால் 8-க்கு மாற்றிச் சேமித்துத் தரச் சொல்லுங்கள்.